நுண்ணங்கி யாருடைய உடைமை?

நுண்ணங்கிகளைப் பற்றிய பேச்சு விஞ்ஞான பீடத்தாருக்கே உரியது என்னும் எண்ணம் பல்கலைக்கழகச் சூழலில் ஆழ வேரூன்றியுள்ளது. நுணுக்குக்காட்டியின் கீழ் நெளியும் உயிரியை ஆராய்வது ஒரு சாராரின் கடமை. கவிதையையும் கல்வெட்டையும் சமுதாயத்தையும் ஆராய்வது மற்றொரு சாராரின் கடமை. இப்பாகுபாட்டை இரு திறத்தாரும் வசதி கருதி ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயினும் நுண்ணங்கி ஆய்வுகூடத்தின் எல்லையைக் கடந்து நீதிமன்றத்துக்கும் பங்குச் சந்தைக்கும் உலக வர்த்தக உடன்படிக்கைகளுக்கும் சென்று பல ஆண்டுகளாகிவிட்டன. நோயாளி தன் மருந்துக்கு என்ன விலை கொடுக்கவேண்டும், கமக்காரன் தன் வயலுக்கு எந்த உரத்தை இடவேண்டும் என்பவற்றை அது தீர்மானிக்கிறது. உடைமை, உழைப்பு, விலை, சட்டம் பற்றிய வினாக்கள் இவ்வாறு எழுந்த பின்னரும் ‘இது எமது துறையன்று’ எனக் கலைப்பீடத்தார் ஒதுங்கி நிற்பது அடக்கமன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தலேயாகும்.

நுண்ணங்கியை மனிதனுக்காக உழைக்கச் செய்யும் அறிவு, பல நாட்டவரும் பல தலைமுறையினரும் சேர்ந்து ஈட்டிய பொதுச் செல்வம். அதன் பயன் மாத்திரம் ஒரு சில நிறுவனங்களின் தனியுடைமையாவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை, வரலாற்றில் நியாயமில்லை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுண்ணங்கி செய்யும் வேலை

உயிர்த்தொழினுட்பவியல் என்னும் சொல் மருட்சியூட்டுவதாயினும் அதன் அடிப்படை எளியது. பற்றீரியா, மதுவம், பூஞ்சணம் முதலியன உயிர்வாழ்வதற்காக ஒரு பொருளை உட்கொண்டு வேறொரு பொருளை வெளிவிடுகின்றன. அவ்வாறு வெளிவருவது மனிதனுக்குப் பயன்படுமாயின், அந்த நுண்ணங்கிக்கு வேண்டிய உணவையும் வெப்பத்தையும் காற்றையும் அளித்து, ஒரு கலத்துள் அதனைப் பெருகச் செய்யலாம். ஈ.கோலி என்னும் பற்றீரியம் ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. கூலி கேளாத, ஓய்வு வேண்டாத இத்தகைய உழைப்பாளியை முதலாளித்துவம் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்வுழைப்பாளி வணிகத்தின் போக்கை மாற்றியமைத்தமைக்கு ஓர் உதாரணம் போதும். சித்திரிக்கமிலம் ஒருகாலத்தில் எலுமிச்சம்பழச் சாற்றிலிருந்தே பெறப்பட்டது. இத்தாலியே அதன் பிரதான வழங்குநராக விளங்கியது. ஆஸ்பெர்ஜிலஸ் நைகர் என்னும் கரும்பூஞ்சணம் சீனிக் கரைசலிலிருந்து அதே அமிலத்தைப் பெருமளவில் ஆக்கும் என்பதை ஜேம்ஸ் கறி என்பார் 1917இல் காட்டினார். 1919இல் நியூயோர்க்கில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. சில ஆண்டுகளுள் இத்தாலியின் ஏகபோகம் தளர்ந்தது. சிசிலித் தீவின் எலுமிச்சைத் தோட்டக்காரர் நுணுக்குக்காட்டியைக் கண்ணாற் கண்டிருக்கமாட்டார். எனினும் அதன் கீழிருந்த பூஞ்சணம் அவரது சந்தையைப் பறித்துக்கொண்டது. முதலாம் உலகப் போரின்போது வெடிமருந்து செய்வதற்கு வேண்டிய அசற்றோனை மாப்பொருளிலிருந்து பற்றீரியாக்களைக் கொண்டு ஆக்கும் முறையை வைஸ்மன் பிரித்தானியாவுக்கு வகுத்தளித்தார். அமிலமாயினும் வெடிமருந்தாயினும் பற்றீரியத்துக்கு வேறுபாடில்லை. எதற்காக அதனை உழைப்பிப்பது என்பதை முடிவுசெய்வது சமுதாயமே.

1970களில் இத்துறை புதியதொரு கட்டத்தை அடைந்தது. ஓர் உயிரியின் பரம்பரையலகை வெட்டியெடுத்து இன்னோர் உயிரியினுள் ஒட்டும் முறையை 1973இல் ஸ்ரான்லி கோகனும் ஹேபேட் போயரும் நிலைநாட்டினர். அதுவரை நீரிழிவு நோயாளர் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்து எடுக்கப்பட்ட இன்சுலினையே நம்பியிருந்தனர். 1978இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகு ஈ.கோலியினுள் செலுத்தப்பட்டு, அப்பற்றீரியமே மனித இன்சுலினை ஆக்குமாறு செய்யப்பட்டது. 1982இல் அது விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. இது மனித அறிவின் மாபெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. பரம்பரையலகுத் தொழினுட்பம் முழுவதையும் இயற்கைக்கு விரோதமானதென வெறுத்தொதுக்குவோரோடு இக்கட்டுரைக்கு உடன்பாடில்லை. வெற்றியைப் பற்றி எவ்விதப் பூசலும் இல்லை. அவ்வெற்றியின் பலன் எவர் கைக்குப் போயிற்று என்பதே பூசல்.

பழம்பெருமையின் போலித்தனம்

இவ்வினாவை எழுப்புமிடத்துத் தமிழ்ச் சூழலில் உடனடியாகக் கேட்கும் குரலொன்றுண்டு. ‘எம் முன்னோர் தயிர் தோய்த்தனர், தோசை மாவைப் புளிக்கவைத்தனர், சங்க இலக்கியங்களிற் கள்ளும் தேறலும் தோப்பியும் பேசப்படுகின்றன, ஆகவே உயிர்த்தொழினுட்பவியலை உலகுக்குத் தந்தவர் தமிழரே’ என்பது அக்குரல். மேலோட்டமாக நோக்குவோருக்கு இது இனிப்பாக இருக்கலாம். ஆயின் புளித்தல் என்னும் நிகழ்ச்சியைப் பயன்படுத்துவது வேறு. அது ஏன் நிகழ்கிறது என அறிவது வேறு. எகிப்தியரும் சீனரும் மெசொப்பொத்தேமியரும் புளிக்கவைத்தனர். அவருள் எவரும் மதுவத்தை அறிந்திலர். இலத்திக்கமில நொதித்தலுக்கு உயிரியொன்றே காரணம் என லூயி பாஸ்ரர் 1857இல் எடுத்துக்காட்டிய பின்னரும், நுண்ணங்கிகளைத் தனித்தனி இனமாகப் பிரித்து வளர்க்கும் முறையை ரொபேட் கொக் 1881இல் வகுத்த பின்னருமே, நுண்ணங்கியைத் தெரிந்தெடுத்து வேலைவாங்குவது இயல்வதாயிற்று. இவ்வுண்மையை மறைத்துப் பழம்பெருமை பேசுவது தமிழுக்குச் செய்யும் சேவையன்று.

இப்பெருமை பேசுவோர் மறந்துவிடும் வேறோர் உண்மையும் உண்டு. யாழ்ப்பாணத்திற் பனையேறிப் பாளை சீவிய தொழிலாளி, முட்டியினுட் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது இனிப்பான கருப்பணி என்பதையும், தடவாவிடின் அது கள்ளாகும் என்பதையும் நன்கறிந்திருந்தான். நுண்ணங்கியின் செயலைத் தடுக்கவும் விடுக்கவும் வல்ல நடைமுறை அறிவு அது. தென்னிலங்கைக் கரையோரத்திலே பொச்சுமட்டையைக் களப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்துத் தும்பு பிரித்த பெண்களும் பற்றீரியாக்களின் உழைப்பையே பயன்படுத்தினர். இவர்களுடைய அறிவை அறிவென எவர் மதித்தார்? சீவல் தொழிலாளரைக் கோயில் வாசலுக்கும் பொதுக் கிணற்றுக்கும் வெளியே நிறுத்திவைத்த சமுதாயம், அவர்களது கலையை மாத்திரம் ‘எம் முன்னோரின் விஞ்ஞானம்’ எனச் சொந்தங்கொண்டாடுவது வேடிக்கையன்று. அதுவும் ஒருவகைச் சுரண்டலே. உழைத்தவனை விலக்கிவிட்டு உழைப்பின் விளைவை உரிமைகொள்ளும் இம்மனப்பான்மைக்கும், பின்னர் ஆராயப்படவிருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் மனப்பான்மைக்கும் அளவில் வேறுபாடுண்டேயன்றித் தன்மையில் வேறுபாடில்லை.

மண் யாருடையது?

மருந்துகளாகப் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளுட் பல, மண்ணில் வாழும் நுண்ணங்கிகளிலிருந்து பெறப்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மருந்து நிறுவனங்கள் உலகின் நாலா திசையிலிருந்தும் பிடி மண்ணைச் சேகரித்தன. 1949இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோயிலோப் பகுதி மண்ணை அபெலார்டோ அகிலார் என்னும் அந்நாட்டு மருத்துவர் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அம்மண்ணில் இருந்த நுண்ணங்கியிலிருந்து பெறப்பட்டதே 1952இல் விற்பனைக்கு வந்த எரித்திரோமைசின். பென்சிலின் ஒவ்வாத நோயாளர் பலரைக் காத்த மருந்து அது. அதன் வணிகப் பெயர்களுள் ஒன்று இலோயிலோவின் பெயரைத் தழுவியது. ஊரின் பெயர் குப்பியில் இடம்பெற்றது. ஊரவருக்கோ, மண்ணை அனுப்பிய மருத்துவருக்கோ உரிமைப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை.

பசிபிக் சமுத்திரத்தின் ஈஸ்ரர் தீவிலும் இதுவே நிகழ்ந்தது. 1964இல் அங்கு சென்ற கனடிய ஆய்வுக் குழுவினர் கொண்டுவந்த மண்ணிலிருந்து, மொன்றியல் நகரிலிருந்த மருந்து நிறுவன ஆய்வுகூடமொன்று ஸ்ரெப்ரோமைசீஸ் வகைப் பற்றீரியமொன்றைப் பிரித்தெடுத்தது. ராப்பா நூயி என்னும் தீவின் பெயரால் அதன் விளைபொருளுக்கு ராப்பாமைசின் எனப் பெயரிடப்பட்டது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்குரிய மருந்தாக 1999இல் அது ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கும் தீவுக்குக் கிடைத்தது பெயர் மாத்திரமே.

ஏழை நாடுகள் மட்டுமே இவ்வாறு இழந்தன என எண்ணுவதும் தவறாகும். ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசிய பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றுக்களில் வாழும் தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் என்னும் பற்றீரியத்தைத் தோமஸ் புறொக் 1960களிற் கண்டறிந்து, எவரும் பெறத்தக்க வகையிற் பொது வளர்ப்புச் சேகரம் ஒன்றில் வைப்பித்தார். கொதிநிலையை அண்டிய வெப்பத்திலும் அழியாத அதன் நொதியமே டி.என்.ஏ.யைப் பன்மடங்காகப் பெருக்கும் ‘பி.சி.ஆர்.’ முறையை நடைமுறைக்குரியதாக்கியது. 1991இல் அம்முறையின் உரிமைகளைச் சுவிற்சர்லாந்து நிறுவனமொன்று 30 கோடி டொலருக்கு வாங்கியது. பொதுப் பணத்தாற் காக்கப்பட்ட பூங்காவுக்கு அதில் ஒரு சதமும் சேரவில்லை. 2020இல் கொவிட் பெருந்தொற்று இலங்கையைத் தாக்கியபோது யாழ்ப்பாண மருத்துவ பீடம் உட்படப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் இரவுபகலாகச் செய்த சோதனைகளும் அதே முறையையே அடிப்படையாகக் கொண்டன. புறொக்கைப் போல ஒவ்வொருவரும் தாம் கண்டதைப் பொதுவில் வைத்தமையாலேயே இவ்விஞ்ஞானம் வளர்ந்தது. பொதுவில் வைக்கப்பட்டதைத் தனியாருக்கு விற்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வினா.

ஐந்துக்கு நான்கு

1972இல் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, பெற்றோலியத்தின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கவல்ல நான்கு பிளாசுமிட்டுக்களை ஒரே சூடோமோனஸ் பற்றீரியத்துட் சேர்த்தமைக்கு ஆக்கவுரிமை கோரப்பட்டது. வங்காளத்திற் பிறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் கற்றவர் அவர். அவர் கையாண்ட முறைக்கு ஆக்கவுரிமை வழங்க அலுவலகம் இணங்கியது. மறுக்கப்பட்டது பற்றீரியத்தின்மீதான உரிமையே. ஆகவே, கண்டுபிடித்தவரின் உழைப்புக்கு வெகுமதி அளிப்பதா என்பதன்று வழக்கு. உயிருள்ள ஒன்றையே உடைமையாக்கலாமா என்பதே வழக்கு. 1980 யூன் 16ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்று, ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, உடைமையாக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. மனிதனால் ஆக்கப்பட்டது உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும் சட்டத்துக்கு ஒன்றே என்பது பெரும்பான்மையோரின் கருத்து. அதே ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் ஜெனென்ரெக் நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது, 35 டொலருக்கு விற்கத் தொடங்கிய பங்கு ஒரு மணித்தியாலத்துக்குள் 80 டொலரைக் கடந்தது. தீர்ப்பின் பொருளை நீதிநூல் கற்றோரைவிடப் பங்குச் சந்தையினர் விரைவாகப் புரிந்துகொண்டனர் எனலாம்.

சக்கரவர்த்தி அப்பற்றீரியத்தை ‘ஆக்கினார்’ என்பது எவ்வளவு தூரம் உண்மை? இயற்கையில் ஏற்கெனவே இருந்த பற்றீரியத்தினுள், இயற்கையில் ஏற்கெனவே இருந்த பிளாசுமிட்டுக்களை அவர் இடமாற்றினார். வளர்ப்புப் பூனைக்குச் சில புதிய வித்தைகளைப் பழக்குவதோடு அவரே அதனை ஒப்பிட்டதுண்டு. வித்தை பழக்கியவனுக்குக் கூலி கொடுக்கலாம். பூனையினத்தையே அவனுக்கு எழுதிக்கொடுப்பது எவ்வகை நியாயம்?

சட்டத்தின் முரண்பாட்டை அதன் வாயாலேயே காட்டலாம். ஆக்கவுரிமை என்பது ஓர் ஒப்பந்தம்: கண்டுபிடித்தவர் தமது கண்டுபிடிப்பை, வேறொருவர் வாசித்துச் செய்யத்தக்க வகையில் எழுத்தில் விவரிக்கவேண்டும், அதற்குப் பிரதியுபகாரமாகச் சமுதாயம் அவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை வழங்கும். இயந்திரத்தை இவ்வாறு விவரிக்கலாம். நுண்ணங்கியை விவரிக்க முடிவதில்லை. ஆதலால் 1977இல் கைச்சாத்திடப்பட்ட புடாபெஸ்ற் உடன்படிக்கை, நுண்ணங்கியின் உயிருள்ள மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சேகரமொன்றில் வைப்பிலிட வழிசெய்தது. சொற்களால் விவரிக்க இயலாத ஒன்றைத் தாம் ஆக்கியதாக உரிமை கோருவதும், விவரிக்க இயலாமையை ஒப்புக்கொண்டு மாதிரியைக் குப்பியில் அடைத்து ஒப்படைப்பதும் ஒருங்கே பொருந்துமா? தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிரியைப் பொறுத்தவரை ‘ஆக்கியோன்’ என்னும் சொல் சட்டத்தின் கற்பனையேயன்றி விஞ்ஞானத்தின் முடிபன்று.

எதிர்வாதமும் மறுப்பும்

தனியுடைமையை ஆதரிப்போர் கூறும் வலுவான வாதமொன்றுண்டு; அதனை நேர்மையோடு எதிர்கொள்ளவேண்டும். ஒரு மருந்தை ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் கைக்குக் கொண்டுவருவதற்குப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் செலவாகின்றன. தனியுரிமை இல்லையெனில் எவரும் முதலிடார். முதலீடு இல்லையெனில் மருந்தும் இல்லை என்பது அவர் வாதம். ஈஸ்ரர் தீவின் பற்றீரியம் மண்ணிலேயே கிடந்திருந்தால் எவருக்கு என்ன பயன் எனவும் அவர் வினவுவர்.

செலவு உண்மையே. ஆயின் செலவுக்கு ஈடு தேடும் ஒரே வழி தனியுரிமை என்பதை வரலாறு ஏற்கவில்லை. பென்சிலினை எடுத்துக்கொள்க. பிளெமிங் 1928இல் அதனைக் கண்டார். புளோறி, செயின், ஹீற்லி முதலியோர் போர்க்காலத்து ஒக்ஸ்போட்டில் நோயாளரின் மலச்சட்டிகளைக்கூட வளர்ப்புக் கலங்களாகப் பயன்படுத்தி அதனைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் அதற்கு ஆக்கவுரிமை பெறவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பியோறியா நகரிலிருந்த அரச ஆய்வுகூடம் சோள ஊறல் நீரைக் கொண்டு விளைவைப் பெருக்கியது; 1943இல் அந்நகர்ச் சந்தையிற் கிடைத்த அழுகிய முலாம்பழமொன்றே அதிக விளைவு தரும் பூஞ்சணத்தைத் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மருந்து, அரச பணத்தாலும் பல கைகளின் உழைப்பாலும் ஓர் அழுகிய பழத்தாலும் உருவாயிற்று. அதன் மூல ஆய்வைத் தனியுரிமை தூண்டவில்லை. தனியுரிமை பின்னரே வந்தது: உற்பத்தி முறைகளுக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமைகள் பெறப்பட்டன.

இன்சுலினின் வரலாறு இன்னும் தெளிவானது. பான்ரிங்கும் அவரது தோழரும் 1923இல் தமது உரிமையைத் தலைக்கு ஒரு டொலர் வீதம் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். நுண்ணங்கி இன்சுலினை ஆக்கத் தொடங்கியபின் விலை வீழ்ந்திருக்கவேண்டும் என்பதே பொது அறிவு. நடந்தது வேறு. பற்றீரியத்தில் ஆக்கப்படும் திருத்திய இன்சுலின் வகையொன்று 1996இல் ஐக்கிய அமெரிக்காவிற் குப்பி ஏறத்தாழ 21 டொலருக்கு விற்கப்பட்டது. 2019 அளவில் அதே குப்பியின் பட்டியல் விலை ஏறத்தாழ 275 டொலராயிற்று. இடையிற் பற்றீரியம் கூலி உயர்வு கேட்கவில்லை. பொதுமக்களின் எதிர்ப்பும் அரசின் நெருக்குதலும் வலுத்த பின்னரே 2023இல் விலைக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஆய்வுச் செலவே விலையை நிர்ணயிக்கிறது எனின், ஆய்வு முடிந்து இரு தசாப்தங்கள் கழிந்தபின் விலை பதின்மடங்குக்கு மேல் ஏறுவானேன்?

பரம்பரையலகு ஒட்டும் முறைக்குக் கோகனும் போயரும் சார்ந்த பல்கலைக்கழகங்கள் ஆக்கவுரிமை பெற்றன. ஆயினும் அதனை எவருக்கும் மறுக்காது, கேட்டோர் யாவருக்கும் கட்டணத்துக்கு வழங்கின. அதனாற் பல்கலைக்கழகங்கள் பெரும் வருவாய் பெற்றன. முறையும் உலகெங்கும் பரவியது. வெகுமதியும் விலக்குரிமையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கே ஆக்கவுரிமை வழங்கியது; 2005 வரை நிலைத்த அந்நிலையிலேதான் அந்நாட்டின் மருந்துக் கைத்தொழில் வளர்ந்தது. மதுவத்தைக் கொண்டு ஆக்கப்படும் ஈரல் அழற்சி ‘பி’ தடுப்பூசியை ஐதராபாத் நிறுவனமொன்று 1997இல் உள்ளூரில் ஆக்கத் தொடங்கியதும், இறக்குமதி ஊசியின் விலை சிறு பங்காகக் குறைந்தது. பிறர் ஆக்கும் உரிமை பெற்ற இடத்தில் மருந்து மலிந்தது.

‘நிறுவனங்கள் இலவசமாகவும் மருந்து கொடுத்துள்ளனவே’ என்பாருமுளர். உண்மைதான். யப்பானிய மண்ணில் ஓமுரா கண்ட பற்றீரியத்திலிருந்து பிறந்த ஐவமெக்ரின் மருந்தை, ஆற்றுக் குருட்டு நோய்க்கென 1987 முதல் மேர்க் நிறுவனம் இலவசமாக வழங்கியது. கோடிக்கணக்கானோர் பயனடைந்தனர், அது பாராட்டத்தக்கதே. ஆயின் தானம் வேறு, உரிமை வேறு. கொடுப்பவன் விரும்பும்வரை நீடிப்பது தானம். பார்வையிழக்கும் மனிதனின் கண்ணை ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் தங்கவைப்பது நீதியாகாது.

இலங்கையின் பாடம்

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் எனக் கருதுவோர், இலங்கையின் அண்மை வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே பேராதனையில் மருந்தியல் கற்பித்தவர். அவரது முயற்சியால் 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி மூலப் பெயரால் மொத்தமாகவும் மலிவாகவும் கொள்வனவு செய்வது அதன் கொள்கை. ரெற்றாசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்ரெப்ரோமைசீஸ் பற்றீரியத்தின் கொடையே. அதன் மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் மலிவாகப் பெற்று, கொழும்பில் இயங்கிய பன்னாட்டு நிறுவனத் தொழிற்சாலையொன்றிடம் மருந்தாக்கித் தருமாறு கேட்டபோது அந்நிறுவனம் இணங்கவில்லை. பற்றீரியம் தன் வேலையைச் செய்திருந்தது, மூலப்பொருள் இருந்தது, இயந்திரமும் இருந்தது, நோயாளரும் இருந்தனர். இல்லாதிருந்தது அவ்வியந்திரத்தின் மீதான அதிகாரமே. சஞ்சய லாலுடன் இணைந்து பிபிலே எழுதி 1977இல் வெளியிட்ட ஆய்வு, சிறு நாடொன்று இத்துறையிற் கால்வைக்கும்போது எதிர்ப்படும் தடைகளை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. இன்று எத்தனை கலைப்பீடங்களில் அது வாசிக்கப்படுகிறது?

2021இன் நிகழ்வுகள் மற்றொரு பாடத்தைப் புகட்டின. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதன உரம் சீனாவிலிருந்து கப்பலேறியது. அதன் மாதிரிகளிற் பயிருக்குத் தீங்கான பற்றீரியா காணப்பட்டதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அறிவித்தது. ஏற்றுமதி நிறுவனம் அதனை மறுத்தது. கப்பல் கரைசேராத உரத்துக்காக ஈற்றில் பல இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. தடையும் நவம்பரில் நீங்கியது. கமக்காரருக்கு அந்தப் போகம் திரும்பிவரவில்லை. அவரை, பயறு ஆகியவற்றின் வேர்க்கணுக்களில் வாழ்ந்து காற்றிலுள்ள நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாக்களையும் அவற்றையொத்த உயிர் உரங்களையும் பற்றி இந்நாட்டின் அரச ஆய்வு நிறுவகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பல ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்துவந்துள்ளன. அவற்றைப் படிப்படியாகப் பெருக்கிப் பரவச் செய்திருந்தால், நுண்ணங்கியை நாடு நண்பனாக அறிந்திருக்கும். அவ்வாறு செய்யாமையால், கப்பலில் வந்த பகைவனாகவே அதனை அறிந்தது.

சட்டத்தின் நிலை யாது? 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தகப் புலமைச் சொத்து உடன்படிக்கை, தாவரங்களையும் விலங்குகளையும் ஆக்கவுரிமையிலிருந்து விலக்கிவைக்க நாடுகளுக்கு இடமளித்தது; நுண்ணங்கிகளை விலக்க இடமளிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் உயிருக்கொரு நீதி, தெரியா உயிருக்கொரு நீதி! எனினும் ‘நுண்ணங்கி’ என்பதற்கு அவ்வுடன்படிக்கை வரைவிலக்கணம் தரவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தியே இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பரம்பரையலகு மாற்றப்பட்டவை தவிர்ந்த ஏனைய நுண்ணங்கிகளை ஆக்கவுரிமைக்கு அப்பால் வைத்தது. இது சிறு வாயிலாயினும் மூடப்படாத வாயில். இயற்கையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரத்தில் டி.என்.ஏ. கண்டுபிடிப்பாகிவிடாது என 2013இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றே ஒப்புக்கொண்டது. பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் பொருட்டுக் கட்டாய அனுமதி வழங்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு என 2001இன் டோகாப் பிரகடனம் உறுதிசெய்தது. ஆகவே வழியில்லை என்பது பொய். வழியைக் கேட்கும் குரல்தான் இல்லை.

செய்யவேண்டியது

முதலாவதாக, இந்நாட்டு மண்ணிலும் களப்பிலும் கள்ளு முட்டியிலும் வாழும் நுண்ணங்கிகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொதுச் சேகரத்தைப் பல்கலைக்கழகங்கள் ஒன்றிணைந்து பேணவேண்டும். நாடுகளுக்குத் தத்தம் உயிர்வளத்தின் மீது இறைமையுண்டு என 1992இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் கூறுகிறது. ஆயின் தன்னிடம் என்ன உள்ளதென அறியாத நாட்டின் இறைமை காகிதத்திலேயே தங்கும். இரண்டாவதாக, பொதுப் பணத்தால் நடைபெறும் ஆய்வின் விளைவு, கேட்போர் யாவருக்கும் நியாயமான நிபந்தனையிற் கிடைத்தல் வேண்டும். மூன்றாவதாக, 2003ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்த வாயிலை வர்த்தக ஒப்பந்தங்களின் பெயரால் மூட எடுக்கப்படும் முயற்சி எதுவாயினும் அது பகிரங்க விவாதமின்றி நிறைவேறக் கூடாது.

இவ்விவாதம் மக்கள் மொழியில் நடத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; நூல்களையும் ஆக்குவித்தார். அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், பாடசாலைக்கு அப்பால் நுண்ணங்கியியலைத் தமிழில் வாசிக்க விரும்புபவர் வெறுங்கையோடு திரும்புகிறார். நுண்ணங்கியின் உடைமை பற்றிய சட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாத மக்கள், அதன் விலையை மாத்திரம் மருந்துக் கடையில் விளங்கிக்கொள்கின்றனர். கலைச்சொல்லாக்கம் தமிழ்ச் சங்கங்களின் பொழுதுபோக்கன்று. அது சனநாயகத்தின் தேவை. அப்பணியில் விஞ்ஞான பீடத்தார் பொருளைத் தரட்டும். கலைப்பீடத்தார் சொல்லையும் வினாவையும் தரட்டும்.

நுண்ணங்கி எவருக்கும் தன்னை எழுதிக்கொடுத்ததில்லை. மனிதன் தோன்றுமுன்னரே அது மண்ணில் உழைத்தது. மனிதன் மறைந்த பின்னரும் உழைக்கும். இடையில் அதன் உழைப்பின் விளைவு பொதுவாகப் பகிரப்படுமா, பூட்டிவைக்கப்படுமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் மனிதர்களே. அம்முடிவை வழக்கறிஞரிடமும் பங்குத் தரகரிடமும் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் மௌனம் சாதிக்குமாயின், அம்மௌனமும் ஒரு தீர்ப்பாகவே எண்ணப்படும்.